இலவச டிவியும் துகள் முடுக்கியும்

2006-இல் தொடங்கி ஐந்து வருடங்களில் தமிழக அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் துகள் முடுக்கி வழங்கியது. ரேஷன் கார்டைக் காட்டி, வரிசையில் நின்று, அட்டைப்பெட்டியைத் தோளில் சுமந்து வந்தார்கள். திட்டத்தின் பெயர் இலவச வண்ணத் தொலைக்காட்சி.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த 14 அங்குலப் பெட்டிக்குள் இருந்த பிக்சர் டியூப், இயற்பியல் பாடப்புத்தகம் எப்படி வரையறுத்தாலும், மின்னேற்றம் கொண்ட துகள்களை மின்சாரத்தால் வேகமாக ஓடவைக்கும் கருவி, அதாவது துகள் முடுக்கிதான். டியூபின் ஒல்லியான கழுத்தில் ஒரு சூடான இழை எலக்ட்ரான்களைக் கக்கும். திரைப் பக்கம் 25,000 வோல்ட் வரை ஏற்றி வைத்திருப்பார்கள். எதிர் மின்னேற்றம் கொண்ட எலக்ட்ரான், அந்த வோல்ட்டைக் கண்டதும் பாய்ந்து ஓடும். திரையில் மோதும்போது அதன் வேகம் ஒளியின் வேகத்தில் ஏறக்குறைய 30 சதவீதம், அதாவது நொடிக்குச் சுமார் 90,000 கிலோமீட்டர். வழியில் இருக்கும் செம்புச் சுருள்கள் காந்தப்புலத்தால் அதை மேலும் கீழும் இடமும் வலமும் திருப்பி, திரையில் கோடு கோடாக ஓட்டும். நாம் மெகா சீரியல் பார்த்தோம்.

ஆகவே ‘வீட்டில் துகள் முடுக்கி கட்ட முடியுமா?’ என்று யாராவது கேட்டால், வீட்டில் ஏற்கெனவே இருந்ததே என்பதுதான் முதல் பதில். ஆனால் தொழிற்சாலையில் செய்து, மூடி, முத்திரை வைத்து வந்த பொருளுக்கும், ஒருவர் கார் ஷெட்டில் உட்கார்ந்து தன் கையால் கட்டும் பொருளுக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தில் என்னென்ன கிடக்கின்றன என்று பார்ப்போம்.

முதலில் அளவுகோல். ஒரு எலக்ட்ரானை ஒரு வோல்ட் மின்னழுத்தத்தில் ஓடவிட்டால் அதற்குக் கிடைக்கும் ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்ட். டிவி பெட்டி 25,000. பல் டாக்டரின் எக்ஸ்ரே குழாய் அறுபது, எழுபதாயிரம். புற்றுநோய் மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சை தரும் லினாக் இயந்திரம் அறுபது லட்சத்தில் இருந்து ஒன்றரைக் கோடி, சிலவற்றில் அதற்கும் மேல். ஜெனிவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவில் மண்ணுக்கடியில் ஓடும் பெரிய ஹாட்ரான் மோதுவியில் ஒவ்வொரு புரோட்டானுக்கும் 6.8 லட்சம் கோடி. நம் டிவியைப் போல 27 கோடி மடங்கு. வீட்டில் கட்ட நினைப்பவர்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. அவர்களின் ஆசை பெரும்பாலும் சில பத்தாயிரத்தில் தொடங்கி, துணிச்சல் மிஞ்சினால் பத்துப் பதினைந்து லட்சத்தில் நிற்கும்.

அந்த ஆசையைக் கிறுக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தத் துறையே கிட்டத்தட்ட அப்படித்தான் பிறந்தது. 1929-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இயற்பியலாளர் வான் டி கிராஃப் செய்த முதல் மின்னாக்கி, ஒரு தகர டப்பா, ஒரு பட்டு நாடா, ஒரு சின்ன மோட்டார். அதிலேயே 80,000 வோல்ட் ஏறியது. இரண்டே வருடத்தில் அதைப் பெரிதாக்கி 15 லட்சம் வோல்ட் காட்டினார். அதற்கான செலவு சுமார் நூறு டாலர்.

1932 ஏப்ரலில் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் காக்கிராஃப்டும் வால்டனும் முடுக்கிய புரோட்டான்களைக் கொண்டு லித்தியம் அணுவைப் பிளந்தார்கள். மனிதன் கட்டிய இயந்திரம் ஒன்று அணுக்கருவை உடைத்தது அதுவே முதல் முறை. அந்த இயந்திரத்தின் கண்ணாடிக் குழாய் இணைப்புகளில் காற்று கசியாமல் அடைக்க அவர்கள் பயன்படுத்தியது பிளாஸ்டிசின், குழந்தைகள் பொம்மை பிடிப்பார்களே, அந்தப் பிசைகளிமண். கசிவு கண்டால் ஒரு உருண்டை எடுத்து அப்புவார்கள். பிறகு ஈயத் தகடு அடித்த சிறிய மரப்பெட்டிக்குள் குனிந்து உட்கார்ந்து, இருட்டில், துத்தநாக சல்பைடு திரையில் தெறிக்கும் ஒளிப் பொட்டுகளை எண்ணுவார்கள். 1951-இல் நோபல் பரிசு வந்தது. பிசைகளிமண்ணுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இயற்பியலாளர் எர்னஸ்ட் லாரன்ஸின் கதை இன்னும் சிறிய பொருளில் தொடங்குகிறது. அமெரிக்காவின் பெர்க்லியில் அவரும் அவர் மாணவர் லிவிங்ஸ்டனும் 1931 ஜனவரியில் ஓடவைத்த சைக்ளோட்ரான் என்ற வட்ட முடுக்கி, குறுக்களவு நாலரை அங்குலம். உள்ளங்கையில் அடங்கும். பித்தளை, கொஞ்சம் அரக்கு. அதில் அவர்கள் செலுத்திய மின்னழுத்தம் 2,000 வோல்ட்டுக்கும் குறைவு. வெளியே வந்த துகளின் ஆற்றல் 80,000 எலக்ட்ரான் வோல்ட். எப்படி? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே தள்ளில் உச்சிக்குப் போக வைக்க ஒரு பயில்வான் வேண்டும். நேரம் பார்த்து மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்க ஒரு சின்னப் பிள்ளை போதும். காந்தப்புலத்துக்குள் அயனி வட்டமடிக்கும். அரை வட்டத்துக்கு ஒரு தடவை, சரியான நொடியில், ஒரு தள்ளு. வேகம் கூடக் கூட வட்டம் பெரிதாகும், ஆனால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் மாறாது. இந்த ஒரு வசதிதான் லாரன்ஸின் கண்டுபிடிப்பு.

கார் ஷெட் கதைகளில் புகழ்பெற்றது மிச்சியோ காக்குவினுடையது. இன்று டிவியில் தோன்றும் இயற்பியலாளர், 1960-களில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் பள்ளி மாணவர். பெற்றோரின் கார் ஷெட்டில் 23 லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஒரு பீட்டாட்ரான் கட்டினேன் என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். பீட்டாட்ரான் என்பது ஒருவகை டிரான்ஸ்ஃபார்மர். சாதாரண டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டாவது சுருள் செம்புக் கம்பி. இதில் அந்த இடத்தில் எலக்ட்ரான் கற்றையே சுற்றும். 400 பவுண்டு டிரான்ஸ்ஃபார்மர் இரும்பு, 22 மைல் செம்புக் கம்பி. கம்பியைச் சுற்றுவதற்குப் பள்ளிக்கூடக் கால்பந்து மைதானத்தைப் பயன்படுத்தினார்கள், அப்பா, அம்மா உட்பட. சுவிட்சைப் போட்டால் 6 கிலோவாட் இழுக்கும். அமெரிக்க வீட்டின் 110 வோல்ட் கணக்கில் அது 50 ஆம்பியருக்கு மேல். வீட்டு ஃபியூஸ்கள் வரிசையாகப் போயின. காந்தம் வேலை செய்தது என்பதற்கு அந்த ஃபியூஸ்களே சாட்சி. அதை எடுத்துக்கொண்டு அறிவியல் கண்காட்சிக்குப் போன இடத்தில் ஹைட்ரஜன் குண்டின் தந்தை எனப்படும் எட்வர்ட் டெல்லரின் கண்ணில் பட்டு, உதவித்தொகை கிடைத்து, ஹார்வர்டுக்குப் போனார்.

இந்தக் கதையைப் படிக்கிற யாருக்கும் கை துறுதுறுக்கும். துறுதுறுத்த கை முதலில் முட்டிக்கொள்ளும் இடம், பலர் நினைப்பது போல மின்சாரமோ காந்தமோ கிடையாது. ஒன்றும் இல்லாமை. வெற்றிடம்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் ஓட முயன்றவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். நாம் மூச்சு விடும் காற்றில் ஒரு மூலக்கூறு அடுத்ததை இடிக்காமல் போகக்கூடிய தூரம் சராசரியாக 70 நானோமீட்டர். இந்தக் கூட்டத்தில் ஒரு துகளை முடுக்க முடியாது. ஓர் அடி வைப்பதற்குள் பத்துப் பேர் மேல் மோதி, வாங்கிய ஆற்றலை எல்லாம் இழந்துவிடும். தெருவைக் காலி செய்ய வேண்டும். ஏசி மெக்கானிக் கொண்டுவரும் நல்ல வேக்யூம் பம்ப், காற்றை இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். கேட்க பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அப்போதும் இடிக்காமல் போகும் தூரம் ஒன்றரை மில்லிமீட்டர்தான். சைக்ளோட்ரானில் அயனி சுற்றிச் சுற்றி மீட்டர் கணக்கில் ஓட வேண்டும். இன்னும் பல்லாயிரம் மடங்கு காலி செய்தாக வேண்டும். அதற்கு எண்ணெயைக் கொதிக்க வைத்து ஆவியைப் பீய்ச்சி காற்றைக் கீழே தள்ளும் டிஃப்யூஷன் பம்ப் வேண்டும். அல்லது நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் சுற்றுகள் சுழலும் டர்போ பம்ப் வேண்டும், அது பழசாகக் கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கும்.

பம்ப் வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், அப்போதுதான் தொடங்குகிறது. உள்ளே ஒரு விரல் ரேகை பட்டிருந்தால் போதும், அந்த எண்ணெய்ப் பசை மணிக்கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும். சாதாரண ரப்பர் வாஷர், சாதாரண பெயின்ட், பித்தளையில் இருக்கும் துத்தநாகம், எல்லாமே வெற்றிடத்தில் மூச்சு விடும். மாதக்கணக்கில் கசிவு தேடுவதுதான் வீட்டில் முடுக்கி கட்டுபவர்களின் உண்மையான பொழுதுபோக்கு. இயற்பியல் எல்லாம் கடைசி வாரத்தில்தான். இதை நினைத்தால் பழைய பிக்சர் டியூப் மேல் ஒரு மரியாதை வருகிறது. அதன் கழுத்தருகே உள்பக்கம் கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு திட்டு இருக்கும், பார்த்திருக்கலாம். அது பேரியம். பின்னால் எங்காவது ஒரு காற்று மூலக்கூறு உதித்தால் அதைப் பிடித்து விழுங்குவதற்காகத் தொழிற்சாலையிலேயே பூசி அனுப்பியது. அதை நம்பி அந்த டியூப் இருபது வருடம் ஓடியது.

வெற்றிடத்தால் ஒரு நாட்டின் முடுக்கியே தள்ளிப்போன கதையும் உண்டு. இயற்பியலாளர் மேகநாத் சாகா 1940-களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் சைக்ளோட்ரான் கட்ட முனைந்தார். லாரன்ஸிடம் பயிற்சி பெற்றுத் திரும்பிய அவர் மாணவர் நாக் சவுத்ரி கூட இருந்தார். காந்தத்துக்கான பாகங்கள் அமெரிக்காவில் இருந்து வந்து சேர்ந்தன. வெற்றிட பம்ப்புகளை ஏற்றி வந்த கப்பலை ஜப்பானியர்கள் மூழ்கடித்துவிட்டார்கள். இரும்பும் செம்பும் தயார், காலி செய்யத்தான் வழியில்லை. அந்த இயந்திரம் ஓடத் தொடங்கப் பல வருடங்கள் ஆகின.

காந்தத்தையும், சைக்ளோட்ரானில் அயனிக்கு அந்தத் தள்ளுகளைத் தரும் ரேடியோ அலை மின்சாரத்தையும் பற்றி ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ஒரு டெஸ்லா காந்தப்புலத்தில் 5 சென்டிமீட்டர் ஆரம் வரை சுற்றும் புரோட்டானுக்குக் கிடைப்பது 1,20,000 எலக்ட்ரான் வோல்ட். ஆரத்தை 15 சென்டிமீட்டர் ஆக்கினால் ஒன்பது மடங்கு, ஏறக்குறைய 11 லட்சம். ஆசை காட்டும் கணக்கு. ஆனால் ஆரம் மூன்று மடங்கானால் காந்தத்தின் எடை இருபத்தேழு மடங்கு ஆகும். கையில் தூக்கிய காந்தத்தை அடுத்த முறை கிரேன்தான் தூக்கும். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே கட்டிய 12 அங்குல சைக்ளோட்ரான் இந்த அளவுதான், அதற்குப் பின்னால் ஒரு துறையின் பட்டறையும் பல வருட உழைப்பும் நின்றன. வீட்டில் தனியாள் செய்யக்கூடியதில் மிகப் பரவலானது வேறொன்று, ஃபியூசர். டிவியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஃபார்ன்ஸ்வொர்த்தின் யோசனை. நடுவில் ஒரு கம்பிக்கூண்டு, அதற்குச் சில பத்தாயிரம் வோல்ட், சுற்றிலும் மெல்லிய டியூட்டீரியம், அதாவது கனமான ஹைட்ரஜன் வாயு. அயனிகள் கூண்டை நோக்கிப் பாய்ந்து, அபூர்வமாக இரண்டு இணையும், சில நேரம் அப்போது ஒரு நியூட்ரான் வெளிவரும். பதின்ம வயதுப் பிள்ளைகள் சிலர் அமெரிக்காவில் இதைச் செய்து செய்தியில் வந்திருக்கிறார்கள். காந்தம் வேண்டாம், ரேடியோ அலை வேண்டாம் என்பதால்தான் அது பரவலானது.

சரி, ஆபத்துக்கு வருவோம்.

எங்கள் ஊரில் டிவி ரிப்பேர் செய்த அண்ணன் ஒருவர் இருந்தார். பின் மூடியைக் கழற்றியதும் அவர் முதலில் செய்வது ஒரே காரியம். பெரிய ஸ்க்ரூடிரைவரின் இரும்புத் தண்டில் ஒரு ஒயரைச் சுற்றி, மறு முனையை டியூபின் முதுகில் தொங்கும் பின்னல் கம்பியில் மாட்டுவார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். வலது கையால் ஸ்க்ரூடிரைவரை டியூபின் மேல் இருக்கும் ரப்பர் தொப்பிக்கு அடியில் மெல்ல நுழைப்பார். ‘சட்’ என்று நீலமாக ஒரு பொறி. ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார். மறுபடி நுழைப்பார். சின்னதாக இன்னொரு ‘சட்’. “முதல் தடவை செத்த மாதிரி நடிக்கும் தம்பி,” என்பார்.

அந்த இரண்டாவது ‘சட்’டுக்கு இயற்பியலில் விளக்கம் உண்டு. மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் மின்தேக்கியின் (இங்கே டியூபின் கண்ணாடியே அந்த வேலையைச் செய்கிறது) காப்புப் பொருளுக்குள் ஊறிப்போன மின்னேற்றம், முதல் முறை வெளியேறிய பிறகு மெதுவாக மறுபடி மேலே வந்து தேங்கும். டிவி டியூபில் அது சிறிய அளவு. முடுக்கிக்கு மின்சாரம் தரும் பெட்டியில் இருப்பது அப்படியில்லை. ஒரு மைக்ரோஃபாரட் மின்தேக்கியை 20,000 வோல்ட்டுக்கு ஏற்றினால் அதில் 200 ஜூல் இருக்கும். தாறுமாறாகிப்போன இதயத்துடிப்பைச் சீராக்க மருத்துவமனையில் நெஞ்சில் வைத்து அதிர்ச்சி கொடுக்கிறார்களே, அதுவும் கிட்டத்தட்ட இந்த அளவுதான். இதயத்தைச் சீராக்கப் போதுமான அதிர்ச்சி, சீராக ஓடிக்கொண்டிருக்கும் இதயத்தை நிறுத்தவும் போதும். கரண்டை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, டீ குடித்துவிட்டு வந்த பிறகும் அது அங்கேயே காத்துக்கொண்டிருக்கும்.

வீட்டு முயற்சிகளில் ஆளைக் கொல்லக்கூடியது துகள் கற்றையைவிட அதற்குப் பின்னால் இருக்கும் மின்பெட்டிதான் என்பது என் தீர்மானமான கருத்து. இதற்குப் பக்கத்துச் சாட்சி வேறொரு பொழுதுபோக்கில் இருக்கிறது. பழைய மைக்ரோவேவ் அடுப்பில் இருந்து டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, ஈரப் பலகையில் 2,000 வோல்ட் பாய்ச்சி, மின்னல் கிளை பிரிவது போன்ற கருக்கிய கோலம் போடுவது. இணையத்தில் வீடியோ பார்த்துச் செய்து பலர் செத்திருக்கிறார்கள். அமெரிக்க மரக்கடைசல் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் அதை அடியோடு தடை செய்துவிட்டது. அந்த டிரான்ஸ்ஃபார்மரில் அணுவும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை. அதே டிரான்ஸ்ஃபார்மர்தான் மலிவாகக் கிடைக்கிறது என்று முடுக்கி கட்டுபவர்களின் மேஜைக்கும் வருகிறது. டிவி டியூபின் ஷாக் பெரும்பாலும் ஆளை உதறித் தள்ளும். இது தள்ளாது, பிடித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்தது எக்ஸ்ரே. யாரும் எக்ஸ்ரே செய்ய நினைக்க வேண்டியதில்லை. வேகமாக வந்த எலக்ட்ரான் எதிலாவது மோதி நின்றால் அது தானாகப் பிறக்கும். சில பத்தாயிரம் வோல்ட்டில், ஆற்றலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பங்குதான் எக்ஸ்ரே ஆகும், மிச்சமெல்லாம் சூடு. ஆனால் அந்தச் சிறு பங்கு போதும். புரோட்டான் முடுக்கிதானே கட்டுகிறேன், எலக்ட்ரான் இல்லையே என்றும் தப்ப முடியாது. அயனி மோதிய உலோகத்தில் இருந்து தெறிக்கும் எலக்ட்ரான்கள் எதிர்த் திசையில் முடுக்கப்பட்டு, யாரும் எதிர்பார்க்காத மூலையில் போய் மோதும். ஃபியூசர் கட்டுபவர்கள் நியூட்ரானைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள், அவர்கள் உடம்பில் அதிகம் படக்கூடியது பார்வை ஜன்னல் வழியாக வரும் எக்ஸ்ரே.

தொழிற்சாலைகளே இதில் சறுக்கியிருக்கின்றன. 1967-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக்கின் பெரிய கலர் டிவிகளில், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ஒரு வால்வில் இருந்து எக்ஸ்ரே கீழ்நோக்கிக் கசிவது தெரியவந்தது. ஆயிரக்கணக்கான பெட்டிகளைத் திருத்த வேண்டிவந்தது. மறு வருடமே அதற்கென்று அங்கே ஒரு சட்டம் வந்தது. ‘டிவிக்குப் பக்கத்தில் உட்காராதே’ என்று உலகம் முழுக்க அம்மாக்கள் சொன்ன வசனத்துக்குக் கொஞ்சம் அடிப்படை அங்கே இருக்கிறது. அதற்குப் பிறகு வந்த டிவிகளில் வோல்ட் எல்லை மீறினால் தானே அணைந்துகொள்ளும் சுற்று வந்தது, ஈயம் கலந்த கண்ணாடியும் வழக்கமாயிற்று. ஆகவே இலவச டிவி பார்த்தவர்கள் பயப்பட வேண்டாம்.

25,000 வோல்ட்டில் கண்ணாடிச் சுவரே பெரும்பகுதியைத் தடுத்துவிடும். முப்பது, நாற்பதாயிரம் தாண்டத் தாண்ட எக்ஸ்ரே வெளியே வரத் தொடங்கும். நூறாயிரத்தில் கூடத்துக்கே வரும். நம் ஊர் எக்ஸ்ரே அறைக்கு 9 அங்குலச் செங்கல் சுவர் கேட்பார்கள். இன்றைய ஃபிளாட்டில் அறைக்கும் அறைக்கும் நடுவே இருப்பது நாலரை அங்குலம். பக்கத்து வீட்டுக் கட்டில் எந்தச் சுவரோரம் கிடக்கிறது என்று கட்டுபவருக்குத் தெரியாது. பத்து லட்சத்தில் பிறக்கும் எக்ஸ்ரேவுக்குச் சென்டிமீட்டர் கணக்கில் ஈயம் அடுக்க வேண்டும், அதுவும் ஒரு சென்டிமீட்டருக்குப் பாதிதான் குறையும்.

வலி இருந்தாலாவது கையை இழுத்துக்கொள்ளலாம். எக்ஸ்ரே படும்போது ஒன்றும் தெரியாது. சிவப்பதும் கொப்பளிப்பதும் நாட்கள், வாரங்கள் கழித்து. எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி, எக்ஸ்ரே குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று தினமும் தன் கையை நீட்டிப் பார்ப்பார். கைகள் புண்ணாகி, ஒவ்வொன்றாக வெட்டி எடுக்கப்பட்டு, 1904-இல் 39 வயதில் இறந்தார். எடிசன் அதோடு எக்ஸ்ரே பக்கமே போகவில்லை. 1992 நவம்பரில் ஹனோயில், ஒன்றரைக் கோடி எலக்ட்ரான் வோல்ட் முடுக்கி ஒன்றின் அறைக்குள், மாதிரிப் பொருளைச் சரியாக வைப்பதற்காக ஓர் ஆய்வாளர் நுழைந்தார். அவர் உள்ளே இருப்பது இயக்குபவர்களுக்குத் தெரியாது. சுவிட்சைப் போட்டார்கள். சில நிமிடங்கள். பின்னால் அவர் வலது கையையும் இடது கையின் விரல்களையும் இழந்தார். அவர் புதியவர் இல்லை, அந்த இயந்திரத்தை நன்றாக அறிந்தவர்.

எனக்கு அதைவிடத் திகிலாக இருப்பது 1991-இல் பிரான்ஸின் ஃபோர்பாக்கில் நடந்தது. தொழிற்சாலை ஒன்றின் எலக்ட்ரான் முடுக்கிக்குள் தொழிலாளர்கள் போனார்கள். எலக்ட்ரான் கக்கும் இழையை அணைத்திருந்தார்கள், உயர் மின்னழுத்தம் மட்டும் இருந்தது. இழை குளிர்ந்துவிட்டால் எலக்ட்ரான் ஏது என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் அவ்வளவு வோல்ட்டில் குளிர்ந்த உலோகத்தின் மேல்பரப்பில் இருந்தே கொஞ்சம் எலக்ட்ரான் பிய்ந்து வரும். இருட்டு மின்னோட்டம் என்பார்கள். அந்தக் கொஞ்சமே மூன்று பேருக்குத் தோல் வெந்துபோகப் போதுமானதாக இருந்தது. வீட்டில் கட்டுபவர் ‘கற்றை இன்னும் வரவில்லை, வெறும் வோல்ட் சோதனைதான்’ என்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் குந்தியிருக்கும் நேரம் இதுதான்.

கதிர்வீச்சை அளக்கும் கெய்கர் கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் போதாதா? அது உதவும், ஆனால் கதிர்வீச்சு மிக அதிகமாக இருந்தால் அந்தக் குழாய் திணறிப்போய் குறைவாகக் காட்டும், சிலது பூஜ்யமே காட்டும். துடிப்புத் துடிப்பாக வரும் எக்ஸ்ரேவில் இன்னும் மோசம். ‘சத்தமே இல்லை, பத்திரம்’ என்று எண்ணுவதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த இயந்திரத்தைக் கதிரியக்கப் பொருளோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். கோபால்ட்டோ சீசியமோ இருந்தால் இரவும் பகலும் கதிர் வந்துகொண்டே இருக்கும். முடுக்கியில் கரண்டை முழுதாக வெட்டி, மின்தேக்கிகளைக் காலி செய்துவிட்டால் கதிர் நின்றுவிடும். குறைந்த ஆற்றல் கொண்ட வீட்டுக் கருவி சுற்றியுள்ள பொருளைக் கதிரியக்கம் உள்ளதாக மாற்றுவது மிக மிக அபூர்வம். கருந்துளை பிறந்து தெருவை விழுங்கும் என்பது வாட்ஸ்அப் சமாச்சாரம்.

ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர்களின் பயத்தை முட்டாள்தனம் என்று தள்ளுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 2005-இல் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் ஒரு பொறியாளர், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கழித்துப்போட்ட 20 டன் சைக்ளோட்ரானைத் தன் வீட்டில் நிறுவ விரும்பினார். மருத்துவ ஸ்கேனுக்கான ஐசோடோப்புகளை உள்ளூரிலேயே தயாரிக்கும் எண்ணம். நோக்கம் நல்லதுதான். அக்கம்பக்கத்தார் கொதித்தார்கள், நகரசபை அவசரமாகக் கூடி, குடியிருப்புப் பகுதியில் சைக்ளோட்ரான் கூடாது என்று விதி போட்டது. கதிர் பயம் கொஞ்சம் மிகைதான். ஆனால் அந்த இயந்திரம் செய்யப்போவதே கதிரியக்கப் பொருளை. கவசம் சரியா, கழிவு எங்கே போகிறது, அவர் ஊரில் இல்லாதபோது சாவி யாரிடம் என்று கேட்க அண்டை வீட்டாருக்கு உரிமை உண்டு.

இந்தியாவில் அந்தக் கேள்விகளைக் கேட்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். பல் டாக்டர் தன் கிளினிக்கில் ஒரு சின்ன எக்ஸ்ரே பெட்டி வைக்கக்கூட அங்கே பதிவு செய்ய வேண்டும். ஆராய்ச்சிக்கான முடுக்கிக்கு இடத்தின் வரைபடம், கவசத்தின் கணக்கு, பாதுகாப்பு அலுவலர் என்று படிப்படியாக அனுமதி. மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்கு அது கிடைக்காது.

துறுதுறுக்கும் கைக்கு வேறு வேலை இருக்கிறது. பெரிய பிளாஸ்டிக் கிண்ணத்தின் உள்பக்கம் அலுமினியத் தாள் பட்டைகளை ஒட்டி, ஒன்றுவிட்டு ஒன்றாகச் சிறிய வான் டி கிராஃப் பொம்மையில் இணைத்து, கடத்தும் பெயின்ட் பூசிய பிங்பாங் பந்தை உள்ளே போட்டால், அது பட்டைக்குப் பட்டை தள்ளு வாங்கி வட்டமாகச் சுற்றிச் சுற்றி வேகமெடுக்கும். லாரன்ஸின் ஊஞ்சல் கண்ணெதிரே. முடுக்குவதை விட்டுப் பார்ப்பதில் ஆசை இருந்தால், ஒரு கண்ணாடித் தொட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அடியில் உலர்பனிக்கட்டி. மேகக்கூடம் தயார். விளக்கை ஒருபக்கமாக அடித்து இருட்டில் பத்து நிமிடம் பொறுத்திருந்தால், வெள்ளை நூலை யாரோ இழுத்துப் போட்டது போல ஒரு கோடு தோன்றி மறையும். விண்வெளியில் எங்கோ முடுக்கப்பட்ட துகள்களின் வாரிசு. உள்ளங்கையை நீட்டினால், மியுவான் எனப்படும் அந்த வாரிசுத் துகள்கள் நிமிடத்துக்கு நூறு வரை அதன் வழியே போகின்றன. ஒரு ஃபியூஸ்கூடப் போகாது.

போன மாதம் பழைய சாமான் கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். சுவரோரம் இலவச டிவிகள் அடுக்கியிருந்தன, அரசு முத்திரை மங்காமல். கடைக்காரப் பையன் ஒவ்வொன்றாக இழுத்து, பின்மூடியைக் கழற்றி, டியூபின் கழுத்து நுனியைக் குறட்டால் மெல்ல நெரித்தான். ஏன் தம்பி, அப்படியே உடைக்கக் கூடாதா என்றேன். “நேரா அடிச்சா உள்வாங்கி வெடிச்சுரும் சார். முதல்ல காத்த உள்ள விடணும்,” என்றான். நுனி முறிந்ததும் ‘புஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் சில நொடி கேட்டது. கழுத்துக்குள் பளபளத்த பேரியத் திட்டு, ஓரத்தில் இருந்து பால் போல வெளுத்துக்கொண்டு வந்தது. அவன் செம்புச் சுருளை உருவி ஒரு சாக்கில் போட்டான். ஈயக் கண்ணாடியை யாரும் வாங்குவதில்லை என்று சொல்லி, டியூபைக் கொல்லைப்புறம் குவித்திருந்த மற்ற டியூப்களின் மேல் வைத்துவிட்டு, அடுத்த பெட்டியை இழுத்தான்.